வலித்தால் சிரிப்பாள்

மகனே,

சௌக்கியமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. ராயபுரத்துக்கும் காலடிப்பேட்டைக்கும் நடுவில் என்ன ஏழு கடலா இருக்கிறது, உன் சௌக்கியம் எனக்குத் தெரியாமல் போக? முந்தாநாள் சாயங்காலம் வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமல், தலையில் மாட்டிய ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நீ சொல்லிவிட்டுப் போனது அப்படியே காதில் நிற்கிறது. "திங்கக்கெயம ஆஸ்பத்திரிக்கு நீ வர வேணாம்மா. நானும் செல்வியும் பாத்துக்கறோம். நீ வந்தா யார்கூடனா மல்லுக்கு நிப்பே. போன தபா பட்ட அசிங்கமே போதும்." நான் வாயைத் திறப்பதற்குள் வண்டியை முறுக்கிவிட்டாய். சரி, வரவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, கோணல்மாணலாகத்தான் இருக்கும், இரண்டு நாளாக உட்கார்ந்து எழுதுகிறேன். நீ படித்து மடித்துப் பீரோவில் வைப்பதற்காக அல்ல. திங்கட்கிழமை உன் மகளுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பல்லை எடுக்கப் போகிறார்கள். அந்தப் பல் டாக்டரம்மா என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தாள். அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது தெரியும். அது அவள் காதில் விழ வேண்டும். என்னை வர விடமாட்டாய் என்றால், இந்தக் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடு. அவளுக்குப் படிக்க நேரமில்லை என்றால், நீ படித்துக் காட்டு.

பிரின்சிக்குப் பதினாறு வயது ஆகிறது. ஆட்டிசம் என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தபோது நாலு வயது. நீயும் செல்வியும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால், காலையில் அவளை என்னிடம் விட்டுவிட்டுப் போவதும் பொழுது சாயும்போது கூட்டிப்போவதுமாகப் பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. அவள் வாயில் இருப்பது மொத்தம் பத்துப் பன்னிரண்டு வார்த்தை. தண்ணி, போலாம், வேணாம், ஆயா, ரயிலு, இப்படி. பயிற்சி கொடுக்கிற இடத்தில் ஆப்பிள் சொல்லிக் கொடுத்தார்கள், பலூன் சொல்லிக் கொடுத்தார்கள், சிவப்பு, பச்சை சொல்லிக் கொடுத்தார்கள். வலிக்கிறது என்று சொல்லிக்கொடுக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அவர்களைச் சொல்கிறேனே, எனக்கும் தோன்றவில்லை. வாழ்நாளில் அந்தப் பிள்ளை பலூனை எத்தனை தடவை கேட்டிருப்பாள்?

எப்போது ஆரம்பித்தது என்று நாம் பார்க்கப் போன டாக்டரெல்லாம் கேட்டார்கள். கேட்டார்களே தவிர, நான் சொல்ல ஆரம்பித்ததும் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டார்கள். இப்போது எழுத்திலேயே இருக்கட்டும். குருத்தோலை ஞாயிறு அன்றைக்கு, கோயிலில் பவனி உள்ளே வரும்போது, கையிலிருந்த ஓலையைக் கீழே போட்டுவிட்டு வலது கன்னத்தில் தன்னைத் தானே அறைந்துகொண்டாள். அறைந்துகொண்டே சிரித்தாள். பின்பெஞ்சில் இருந்த லில்லி, "இன்னாக்கா, கொயந்த இன்னிக்கு செம குஷியா கீது" என்றாள். நானும் ஆமாம் என்றேன். ஈஸ்டர் கழித்து முறுக்கைக் கையில் வாங்கி, கடிக்காமல் திருப்பிக் கொடுத்தாள். அப்புறம் இடது பக்கமாகவே மென்றாள். பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் கஞ்சியைத் தவிர வேறொன்றும் உள்ளே போகவில்லை. கன்னத்தில் அடிப்பது தினம் பத்துத் தரம் இருபது தரம் என்றானது. எல்லாம் வலது பக்கம். ஒரு தடவைகூட இடது பக்கம் இல்லை. எங்கம்மா எவன் எப்ப தும்முனான்னு கூட சொல்லும் என்று நண்பர்களிடம் என்னைக் கிண்டல் செய்வாய் அல்லவா, அந்த ஞாபகம்தான் இது. எவனாவது ஒரு டாக்டர் அதைக் கேட்டிருந்தால் சித்திரை மாதத்திலேயே முடிந்திருக்கும்.

முதல் டாக்டர் தலையைத் தூக்கவே இல்லை. பச்சைக் கல் மோதிரம் போட்டிருந்தார், அந்தக் கையை எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வேன். "இந்த மாதிரிப் பிள்ளைங்க தன்னையே அடிச்சிக்கும்மா, அது அந்தக் கண்டிஷன்ல ஒரு பகுதி" என்றார். வாயைத் திறந்து பார்க்கவில்லை. அமைதிக்குக் கொடுத்துக்கொண்டிருந்த மாத்திரை ஒன்று, ஒன்றரை ஆனது. இரண்டாவது இடத்தில் இரண்டு ஆனது. பிள்ளை எச்சில் ஒழுக ஒழுகத் தூங்கினாள், நடை தள்ளாடியது, வீட்டிலிருந்த கவுன் எதுவும் பற்றவில்லை. அடிப்பது குறைந்தது, அடிக்கக் கை எழவில்லை என்பதால். நீ போனில் யாரிடமோ, "இப்ப நல்லா கன்ட்ரோல்ல கீதுபா" என்றாய். நான் சமையல்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மகனே, அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை.

மனநலப் பிரிவின் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாயா? நீ டோக்கன் வாங்கிக் கொடுத்துவிட்டு யார்டுக்கு ஓடிவிடுவாய், உன்மேல் தப்பில்லை, கன்டெய்னர் உனக்காகக் காத்திருக்காது. இருநூறு பேர் உட்காரும் தகரக் கொட்டகை, கடகடவென்று சுற்றும் பேன், நிமிஷத்துக்கு ஒருதரம் பெல், மைக்கில் ஒருத்தன் நம்பரைக் கத்துவான். நன்றாக இருப்பவனுக்கே அங்கே பைத்தியம் பிடிக்கும். பிரின்சி காதைப் பொத்திக்கொண்டு கத்துவாள். காவலாளி வருவான். "வெளிய இட்டுகினு போ ஆயா, மத்தவங்களுக்கு டிஸ்டப்பா கீதில்ல." வெளியே வேப்பமரத்தடியில் நிற்கும்போது நம்பர் போய்விடும். உள்ளே போய்க் கேட்டால், கூப்பிடும்போது எங்கே போனாய் என்பார்கள். கால் இல்லாதவனுக்குச் சாய்தளம் கட்டியிருக்கிறார்கள், நல்ல காரியம். சத்தம் தாங்காத பிள்ளைக்கு ஒரு ஓரமாகக் கதவு வைத்த அறையும், முதல் நம்பரும் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? கேட்டேன். அப்படி ரூல் இல்லை என்றார்கள். சிறுபிள்ளைகள் பிரிவில் கேட்டால் இவள் பெரியவள் என்பார்கள், பெரியவர்கள் பிரிவில் கேட்டால் சின்னவள் என்பார்கள். பதினாறு வயசுக்காரர்களுக்கென்று இந்த ஊரில் ஒரு நாற்காலி போடவில்லை.

அங்கே ஒருநாள் பக்கத்தில் ஒரு பெண் பிள்ளை உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூட யூனிபார்ம், ரெட்டைச் சடை. இடது மணிக்கட்டைக் கைக்குட்டையால் சுற்றி மறைத்திருந்தாள். என்னம்மா உடம்புக்கு என்று கேட்டேன். அவள் அம்மா முந்திக்கொண்டு, "வயித்து வலி" என்றாள். வயிற்று வலிக்கு இந்தக் கூடத்தில் ஏன் உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாதா? காலையில் வந்தவர்கள் ஒரு மணி வரைக்கும் நம்பர் வரவில்லை, டாக்டர் சாப்பிடப் போய்விட்டார். அந்த அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள், மகளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பேசத் தெரிந்த பிள்ளை, வாயில் அத்தனை வார்த்தை இருக்கிறது, அவளுக்கே அங்கே ஒருத்தரும் காது கொடுக்கவில்லை. அவள் மறுபடி வந்தாளோ என்னவோ. போகிற நேரமெல்லாம் அந்த ரெட்டைச் சடையைத் தேடுகிறேன்.

இப்போது நாற்றத்துக்கு வருகிறேன். காசிமேட்டில் முப்பது வருஷம் இறால் உரித்த கை இது, இன்றைக்கும் காலை நேரத்தில் போய் உரித்துக் கொடுத்துவிட்டுத்தான் வருகிறேன். குவியலில் ஒரு இறால் கெட்டிருந்தால் கண் பார்க்குமுன் என் மூக்கு சொல்லிவிடும். ஆனி மாதம் பிரின்சியின் தலையை வாரும்போது அந்த வாடை வந்தது. ஐஸ் தீர்ந்துபோன கூடையின் அடியில் வருமே, அது. உன்னிடம் சொன்னேன். "ஐயே, உன் கை நாத்தம்மா அது. எறாவ உரிச்சிட்டு வந்து கொயந்த மேல பூசிட்டு, அவ வாய் நாறுதுன்ற" என்றாய். செல்வி சிரித்தாள். டாக்டரிடம் சொன்னேன், பல் விளக்கிவிடுங்கள் என்றார். காற்று திரும்பினால் எண்ணூர்ப் பக்கத்து ஆலை நெடி வேறு வீட்டுக்குள் வந்து நிற்கும். அத்தனை நாற்றத்துக்கு நடுவில் என் மூக்கையே நான் சந்தேகப்பட்டேன். நான் செய்த பெரிய தப்பு அங்கேதான்.

உனக்குத் தெரியும், பிரின்சி சந்தோஷமாக இருந்தால் என்ன செய்வாள் என்று. என் வலது கையை இழுத்து மூக்கில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, ரயில் நின்று கிளம்புகிற மாதிரி ம்ம்ம் என்று ஒரு சத்தம் எழுப்புவாள். ஊரெல்லாம் மூக்கைப் பொத்துகிற கை, அவளுக்கு மட்டும் மல்லிப்பூ. நீ சொன்ன நாளிலிருந்து நான் அந்தக் கையைக் கொடுப்பதை நிறுத்தினேன். எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துக் கழுவினேன், சோப்புப் போட்டேன், அப்போதும் அவள் இழுத்தால் கையைப் புடவைக்குள் ஒளித்துக்கொண்டேன். தலை வாரிவிட பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டேன். இரண்டு மாதம். வாய்க்குள் சீழ் வைத்து வெந்துகொண்டிருந்த பிள்ளை, தனக்குப் பிடித்த ஒரே ஒரு வாசனையைத் தேடி வந்தபோது, நான் தள்ளி உட்கார்ந்தேன்.

உன்மேல் கோபமாகத்தான் இதை எழுத ஆரம்பித்தேன். எழுத எழுத உன் இடது காது நினைவுக்கு வருகிறது. உனக்கு ஒன்பது வயது. மழைக்காலம், பள்ளிக்கூடம் போகமாட்டேன், காது வலிக்கிறது என்று அழுதாய். கணக்குப் பரீட்சை அன்றைக்கு. "நாடகம் ஆடாத" என்று முதுகில் இரண்டு போட்டு அனுப்பினேன். மறுநாளும் அழுதாய். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைச் சொட்டிவிட்டேன். தலையணையில் மஞ்சளாக ஒழுகியிருந்ததைப் பார்த்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினேன், அதற்குள் பதினோரு நாள் ஆகியிருந்தது. இன்றைக்கும் உன்னை யாராவது கூப்பிட்டால் வலது பக்கம் திரும்புகிறாய். செல்வி உன்னைச் செவிட்டு மிஷின் என்று கேலி செய்யும்போது நீ என்னைப் பார்ப்பதில்லை, வேண்டுமென்றே சுவரைப் பார்க்கிறாய். ஊரில் அத்தனை பேர் செய்ததையும் நெஞ்சில் வைத்திருப்பவள் நான். நீ இதை என் முகத்தில் ஒருதரம் எறிந்திருக்கலாம், எறியவில்லை. எறிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஒரு பிள்ளை வலிக்கிறது என்றால் நம்பாமல் இருப்பது எப்படி என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். அந்தப் பாடத்தை நீ உன் மகளிடம் ஒப்பித்தாய்.

செல்வியின் தம்பி நிச்சயதார்த்தத்தைப் பேசாமல் விட முடியாது. ஆடிக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று அவசரமாக மண்டபம் பிடித்தார்கள். பெண் வீட்டார் முன்னால் பிரின்சி கத்திவிடுவாளோ என்று உனக்குப் பயம். "ரெண்டுக்கு மூணா குடும்மா, இன்னிக்கு ஒரு நாளுதானே, தூங்கட்டும்" என்றாய். நீ சொன்னாய், ஆனால் கொடுத்த கை என்னுடையது. மணமகள் அறையில் பாயைப் போட்டுப் படுக்க வைத்தேன். மத்தியானம் பந்தி நடந்துகொண்டிருக்கும்போது எழுந்து தானாக வெளியே வந்துவிட்டாள். கூடத்தின் நடுவில் நின்று சிரித்தாள், அடக்க முடியாமல் சிரித்தாள், உடம்பே குலுங்கியது. பெண்ணின் பெரியப்பா, "பார்ரா, யாருக்கும் இல்லாத சந்தோசம் இந்தக் கொயந்திக்கு" என்று கைதட்டினார். போட்டோகாரன் ஓடிவந்து எடுத்தான். அந்தப் படம்தான் இன்றைக்கும் உன் போனைத் திறந்தால் வருகிறது. என் பொண்ணு சிரிச்சா அந்த மண்டபமே வெளிச்சம் என்று எல்லோரிடமும் காட்டுகிறாய். கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு அந்தப் படத்தை இப்போது எடு. வலது கன்னத்தைப் பெரிதாக்கிப் பார்.

மாதா கோயில் கொடியேற்றத்துக்கு முதல் நாள், மத்தியானம் மூன்று மணி இருக்கும், கன்னம் பன்னு மாதிரி வீங்கி, உடம்பு கொதித்தது. விடாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். நீ யார்டிலிருந்து நேரே அவசரப் பிரிவுக்கு வந்தாய். பணியிலிருந்த டாக்டர் பழைய சீட்டைப் புரட்டினார். "இது சைக்யாட்ரி கேஸ். நாளைக்குக் காலைல அந்த ஓபிக்குக் கொண்டு போங்க. பாருங்க, சிரிச்சிட்டுதானே இருக்கா." வாயைத் திறந்து பாருங்கள் என்றேன். "கடிச்சா யாரு பொறுப்பு?" என்றார். நீ என் முந்தானையை இழுத்து, "வாம்மா, டாக்டருக்குத் தெரியாததா உனுக்கு தெரியும்" என்றாய். அதற்கப்புறம் நடந்ததைத்தான் நீ அசிங்கம் என்கிறாய். ஆமாம், என் விரலை நான்தான் அவள் வாய்க்குள் விட்டேன். கடித்தாள், நகம் இன்னும் கறுப்பாக இருக்கிறது. வெளியே எடுத்தபோது ரத்தமும் சீழுமாக இருந்தது. அந்த விரலை டாக்டரின் மூக்குக்கு நேராக நீட்டினேன். "மோந்து பாரு சார். முப்பது வருசமா எறா உரிக்கறேன், நல்லது எது கெட்டது எதுன்னு என் மூக்குக்கு தெரியும். இது எறா இல்ல சார். என் பேத்தி." அவர் நாற்காலியோடு பின்னால் போனார். பிறகுதான் கையுறை போட்டார், விளக்கை எடுத்தார். பார்க்க அஞ்சு நிமிஷம் ஆகவில்லை. குருத்தோலை ஞாயிறிலிருந்து ஒருத்தரும் செலவழிக்காத அஞ்சு நிமிஷம். நீ தலையைக் குனிந்து நின்றாய். உனக்கு வெட்கமாக இருந்தது என்னைப் பார்த்து. அதை நான் வைத்துக்கொள்கிறேன், உனக்குத் தெரிந்ததுதான், என்னிடமிருந்து எதுவும் தொலையாது.

பல் டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள். சின்ன வயசுப் பெண், கண்ணாடி போட்டவள். மேஜைக்குப் பின்னால் உட்காராமல், ஸ்டூலை இழுத்து பிரின்சிக்குக் கொஞ்சம் தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள். பேனை நிறுத்தச் சொன்னாள். யாரும் சொல்லித்தராமல் அவளுக்கு அது தெரிந்திருந்தது. இரண்டு கடைவாய்ப்பல் வேர் வரை போய்விட்டது, விழித்திருக்கும்போது எடுக்க முடியாது, மயக்க மருந்து வேண்டும், அதற்கு நாலு இடத்தில் கையெழுத்து வேண்டும் என்றாள். அது வரைக்கும் சீழ் ஆறுவதற்கு மருந்து எழுதினாள். கடைசியில்தான் அந்தக் கேள்வி. "பாட்டி, பிரின்சிக்கு வலிச்சா எப்படிக் காட்டுவா?" பன்னிரண்டு வருஷத்தில் அதை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவள். எல்லாம் ஞாபகம் இருப்பவளுக்கு அதற்கு மட்டும் பதில் இல்லை. "தெர்லம்மா" என்றேன். "பரவாயில்ல, யோசிச்சு வந்து சொல்லுங்க" என்றாள்.

யோசித்தேன். இறால் உரிக்கும்போது யோசித்தேன், ஜெபமாலை சொல்லும்போது யோசித்தேன். ஒன்றொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தேன். எட்டு வயதில் ராயபுரம் ஸ்டேஷன் படிக்கட்டில் விழுந்து முட்டி கிழிந்தபோது சிரித்தாள், எவ்வளவு தைரியமான பிள்ளை என்று பூக்காரி பாராட்டினாள். தடுப்பூசி போட்டபோது சிரித்தாள். அடுப்பில் விரல் பட்டபோது சிரித்தாள், குறும்பு என்று நான் அதட்டினேன். குருத்தோலை ஞாயிறு அன்றைக்குச் சிரித்தாள். நிச்சயதார்த்தத்தில் சிரித்தாள். அவசரப் பிரிவில் சிரித்தாள். மகனே, அந்தப் பிள்ளை சந்தோஷத்துக்குச் சிரித்ததே கிடையாது. சந்தோஷத்துக்குக் கையை மோந்து ம்ம்ம் என்பாள். சிரிப்பு அவளுக்கு அழுகை. அவள் பதினாறு வருஷமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், நாம்தான் சுற்றி நின்று கைதட்டினோம்.

அதனால்தான் திங்கட்கிழமையை நினைத்துப் பயப்படுகிறேன். பல்லை எடுத்து முடித்து, மயக்கம் தெளிந்து கண்ணைத் திறப்பாள். வாய் முழுக்கத் தையலும் ரணமுமாக இருக்கும். சிரிப்பாள். நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, பரவாயில்லையே, பேஷன்ட் ஹாப்பி என்று வலி மருந்தைக் கொடுக்காமல் போய்விடுவாள். நீயும் சிரிப்பாய், போனை எடுத்து இன்னொரு படம் பிடிப்பாய். இதற்காகத்தான் நான் வர நினைத்தேன், சண்டை போட அல்ல. சரி, என் இடத்தில் நீ நில். அவளுக்கு முதல் நேரம் கேள், பட்டினியாக இருக்க வேண்டும் என்பதை அவளுக்கு விளக்க முடியாது, எழுந்ததும் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கேட்பாள், டம்ளரையே கண்ணில் காட்டாதே. அங்கே பெல் சத்தம் கேட்காத மூலையாகப் பார்த்து உட்கார வை. ஊசி குத்துவதானால் இடது கையில், முன்கூட்டிச் சொல்லிவிட்டுக் குத்தச் சொல். நாலு பேர் சேர்ந்து அமுக்க வந்தால் விடாதே. ரூல் இல்லை என்பார்கள். கேள். மறுபடி கேள். அசிங்கமாக இருக்கும், பட்டுக்கொள். நல்ல காது எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாக டாக்டரம்மாவை நிற்க வைத்து, அவள் சொல்வதை ஒன்றுவிடாமல் கேள். அவள் கேட்ட கேள்விக்குப் பதிலாக உன் போனிலிருக்கும் அந்தப் படத்தை எடுத்து அவளிடமும் நர்ஸிடமும் காட்டு. இப்படி முகம் வந்தால் இவளுக்கு வலிக்கிறது என்று உன் வாயால் சொல். எழுதிக்கொள்ளச் சொல், சீட்டில் முதல் வரியாக.

நான் ஆஸ்பத்திரி வாசலுக்குக்கூட வரமாட்டேன், சொன்ன சொல் தவறமாட்டேன். அன்றைக்குக் காலையில் வழக்கம்போல் காசிமேட்டுக்குப் போவேன், இரண்டு கூடை இறால் உரிப்பேன், வீட்டுக்கு வந்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவேன். எத்தனை மணி ஆனாலும், எத்தனை நாள் ஆனாலும், அங்கிருந்து அவளை நேரே என்னிடம் கூட்டி வா. அது வரைக்கும் வலது கையை நான் கழுவ மாட்டேன்.

உன்னை நம்பாமல் போன
அம்மா